பாதியில் கிளம்பியவர்: ஜோசப் ரோட்பிளாட்

ஓப்பன்ஹைமர் பேரை இப்போ எல்லாருக்கும் தெரியும். படமே வந்து ஆஸ்கரும் வாங்கியாச்சு. அவர் தலைமையில் லாஸ் அலமோஸில் அணுகுண்டு செய்துகொண்டிருந்த விஞ்ஞானிகளில் ஒருவர், குண்டு தயாராவதற்கு ஏழு மாதம் முன்பே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் பெயர் ஜோசப் ரோட்பிளாட். போலந்துக்காரர். மனசாட்சிக்காக அந்தத் திட்டத்தைப் பாதியில் விட்டு வந்த ஒரே விஞ்ஞானி என்று இவரைத்தான் சொல்வார்கள்.

போன வாரம் ஒரு நண்பரிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, "சரிங்க, அவர் போயிட்டார். அதனால குண்டு நின்னுடுச்சா?" என்றார்.

எனக்குச் சட்டுனு பதில் வரல. நிற்கவில்லை என்பதுதான் உண்மை. அப்புறம் வீட்டுக்கு வந்து ரோட்பிளாட் பற்றி எடுத்து வைத்திருந்த குறிப்புகளை மறுபடி புரட்டினேன். இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில்னு வெச்சுக்கலாம்.

வார்சாவில் ஒரு எலக்ட்ரீஷியன்

1908 நவம்பர் 4-ஆம் தேதி வார்சாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்குக் குதிரை வண்டிகள் வைத்துச் சரக்கு அனுப்பும் தொழில். வசதியாகத்தான் இருந்தார்கள். முதல் உலகப்போர் வந்து தொழில் நொடித்துப்போனது. அதன் பிறகு சாப்பாட்டுக்கே கஷ்டம். பையன் பகலில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்து, மாலை நேரத்தில் படித்து, 1932-இல் இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கினார். 1938-இல் முனைவர் பட்டம். வேலை செய்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் லுட்விக் வெர்டென்ஸ்டைன், மேரி க்யூரியிடம் பயின்றவர்.

அந்த 1938 கடைசியில்தான் ஜெர்மனியில் ஓட்டோ ஹானும் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின் மேல் நியூட்ரான்களைப் பாய்ச்சி, அணு இரண்டாகப் பிளப்பதற்கான தடயத்தைக் கண்டார்கள். உலகம் முழுக்க இயற்பியல்காரர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: பிளக்கும்போது புதிதாக நியூட்ரான்கள் வெளியே வருதா, இல்லையா?

இது ஏன் முக்கியம்? ஒரு நியூட்ரான் போய் ஓர் அணுவைப் பிளக்கிறது. அதிலிருந்து இரண்டு நியூட்ரான் வருதுன்னு வெச்சுக்குங்க. அந்த ரெண்டும் போய் ரெண்டு அணுவைப் பிளக்கும். அப்புறம் நாலு, எட்டு, பதினாறு. எண்பது தடவை இப்படி இரட்டித்தால், கிலோகிராம் கணக்கில் யுரேனியம் பிளந்து முடிந்திருக்கும். இதெல்லாம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள். இதுதான் தொடர்வினை.

ரோட்பிளாட் தன் சின்ன ஆய்வுக்கூடத்திலேயே சோதனை செய்து பார்த்தார். நியூட்ரான் வந்தது. பாரிஸில் ஜோலியோ-க்யூரி குழு அதே முடிவை முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். இவ்வளவு வேகமா இவ்வளவு ஆற்றல் வெளிவந்தால் அது குண்டு என்பது 1939 தொடக்கத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த நினைப்பை மனசிலிருந்து தள்ளிவைக்கத்தான் முதலில் பார்த்தேன் என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

தோலா

அந்த வருஷமே லிவர்பூலுக்குப் போனார். நியூட்ரானைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் சாட்விக் அங்கே சைக்ளோட்ரான் கட்டிக்கொண்டிருந்தார். அதைக் கற்றுக்கொண்டு வந்து வார்சாவில் ஒன்று கட்ட வேண்டும் என்பது திட்டம். உதவித்தொகை ஒருத்தர் வாழவே போதாது. அதனால் மனைவி தோலாவை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார்.

சாட்விக்குக்கு இவர் வேலை பிடித்துப்போய் இன்னொரு உதவித்தொகையும் ஏற்பாடு செய்தார். வருமானம் இரட்டிப்பானது. இனி ரெண்டு பேரும் சமாளிக்கலாம் என்று ஆகஸ்ட் மாதம் மனைவியைக் கூட்டிவர வார்சா போனார். அந்த நேரம் பார்த்து தோலாவுக்கு அப்பெண்டிசைட்டிஸ், அறுவை சிகிச்சை. பயணம் செய்யும் நிலையில் இல்லை. உடம்பு தேறினதும் வரட்டும் என்று இவர் மட்டும் மாதக் கடைசியில் கிளம்பினார்.

செப்டம்பர் 1-ஆம் தேதி ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது.

பெல்ஜியம் வழியாக, டென்மார்க் வழியாக, இத்தாலி வழியாக என்று மனைவியை வெளியே கொண்டுவர ஒவ்வொரு வழியாக முயன்றார். ஒவ்வொன்றும் அடைபட்டது. தோலாவை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. யூத இனப்படுகொலையில் அவர் இறந்துபோனார். ரோட்பிளாட் கடைசிவரை மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இதை நான் விரிவா எழுதக் காரணம் இருக்கு. ஹிட்லரை எதிர்க்க எல்லாரையும்விட அதிகக் காரணம் இருந்த மனுஷன் இவர். குண்டு வேலையை விட்டு வந்தவர்னு சொன்னதும், போரே கூடாதுன்னு நினைக்கிற சாது ஒருத்தர்னு தோணும். அப்படி இல்லை. 1939 நவம்பரில் சாட்விக்கிடம் தானாகவே போய், குண்டு சாத்தியமா என்று ஆராய வேண்டும் என்று சொன்னவர் அவர்.

அவர் போட்ட கணக்கு இது: ஜெர்மனியில் கெட்டிக்கார விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், அவர்கள் செய்துவிடுவார்கள். நம்மிடமும் ஒன்று இருந்தால், திருப்பி அடிப்பார்கள் என்ற பயத்தில் ஹிட்லர் பயன்படுத்த மாட்டான். அதாவது, பயன்படுத்தாமல் இருப்பதற்காக ஒரு குண்டு.

இந்தக் கணக்கில் இருந்த ஓட்டையை அவரே பின்னாளில் சொன்னார். பயமுறுத்தித் தடுப்பது, எதிராளி நிதானமா யோசிப்பவனாக இருந்தால்தான் பலிக்கும். பெர்லின் பதுங்குகுழியில் எல்லாம் முடிந்துபோன ஹிட்லரிடம் குண்டு இருந்திருந்தால், திருப்பி அடிப்பார்களே என்று யோசித்திருப்பானா? லண்டன் மேல் போடச் சொல்வதுதான் அவனுடைய கடைசி உத்தரவாக இருந்திருக்கும் என்றார்.

லாஸ் அலமோஸ்

1944 தொடக்கத்தில் பிரிட்டிஷ் குழுவோடு அமெரிக்கா போனார். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினால்தான் சேர்ப்போம் என்பது விதி. போர் முடிந்ததும் போலந்துக்குத் திரும்புவேன், எனவே வாங்க மாட்டேன் என்றார். சாட்விக்குக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

மார்ச் மாதம் சாட்விக் வீட்டில் ஒரு இரவு விருந்து. மன்ஹாட்டன் திட்டத்தின் ராணுவத் தலைவர் ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் வந்திருந்தார். இந்தக் குண்டின் உண்மையான நோக்கமே சோவியத்தை அடக்கி வைப்பதுதான் என்று பேச்சுவாக்கில் அவர் சொன்னதாக ரோட்பிளாட் எழுதியிருக்கிறார். அதே நாட்களில் சோவியத் படைகள் கிழக்கில் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தன. கூட்டாளி நாடு. இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு விஷயம் சொல்லிடறேன். இந்த விருந்துக் கதையை அவர் விரிவாக எழுதியது 1985-இல், 'புல்லட்டின் ஆஃப் தி அட்டாமிக் சயன்டிஸ்ட்ஸ்' இதழில். அதாவது நாற்பது வருஷம் கழித்து. நினைவு காலப்போக்கில் கூர்மையாவதும் உண்டு, மழுங்குவதும் உண்டு. அதனால் இந்த ஒரு விருந்தால்தான் அவர் விலகினார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. விருந்துக்குப் பிறகும் பல மாதங்கள் அவர் அங்கேதான் வேலை செய்தார். முடிவெடுக்க வைத்தது 1944 கடைசியில் வந்த இன்னொரு செய்தி: ஜெர்மானியர்கள் அணுகுண்டு முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள் என்று சாட்விக் சொன்னார்.

எந்தக் காரணத்துக்காக வந்தாரோ அந்தக் காரணம் போய்விட்டது. எனவே ஊருக்குப் போக அனுமதி கேட்டார்.

அனுமதி அவ்வளவு சுலபமா கிடைக்கல. ராணுவ உளவுப் பிரிவு ஒரு கோப்பையே வைத்திருந்தது. இவர் இங்கிலாந்து போய், விமானப்படையில் சேர்ந்து, போலந்து மேல் பறந்து, பாராசூட்டில் குதித்து, ரகசியங்களை சோவியத்திடம் கொடுக்கப் போகிறார் என்று அதில் எழுதியிருந்தது. நல்லவேளை, ஆர்வக்கோளாறில் உளவாளிகள் தேதியெல்லாம் போட்டு உரையாடல்களை எழுதி வைத்திருந்தார்கள். அவை கட்டுக்கதை என்று காட்டுவது இவருக்குச் சுலபமாகிவிட்டது. ஆனாலும் ஒரு நிபந்தனை: ஏன் போகிறாய் என்று சக விஞ்ஞானிகள் யாரிடமும் சொல்லக்கூடாது. மனைவியைப் பற்றிய கவலை என்று வெளியே சொல்லிக்கொள்ள வேண்டும்.

1944 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கிளம்பினார். ஆய்வுக் குறிப்புகள், கடிதங்கள் எல்லாம் ஒரு பெட்டியில் இருந்தன. வாஷிங்டனில் சாட்விக்கே கூட வந்து பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டார். நியூயார்க்கில் இறங்கும்போது பெட்டியைக் காணோம். கடைசிவரை கிடைக்கவே இல்லை.

மற்றவர்கள் ஏன் விலகவில்லை?

1985 கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். யாரையும் திட்டாமல் காரணங்களைப் பிரித்து வைக்கிறார்.

முதல் காரணம், வெறும் ஆர்வம். இத்தனை கணக்குப் போட்டோமே, சரியா வருதான்னு பார்த்துடலாம், அப்புறம் வாதம் செய்யலாம். இரண்டாவது, ஜப்பானோடு போர் சீக்கிரம் முடிந்தால் அமெரிக்க வீரர்கள் பிழைப்பார்கள், அதுவரை இருப்போம். மூன்றாவது, விலகணும்னு தோன்றினாலும் எதிர்கால வேலைக்கு ஆபத்து என்ற பயம். இந்த மூன்றுமே மனசு உறுத்தியவர்களின் காரணங்கள், அவர்கள் சிறுபான்மைதான் என்கிறார். பெரும்பான்மையினரை எதுவும் உறுத்தவில்லை. எப்படிப் பயன்படுத்துவது என்பதை வேறு யாரோ முடிவு செய்யட்டும் என்று வேலையைப் பார்த்தார்கள்.

இந்தப் பட்டியலை எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் ஒட்டி வைக்கலாம். நானே ஒரு வேலையில் இதில் மூன்றாவது காரணத்துக்காக ஒரு வருஷம் கூடுதலா உட்கார்ந்திருக்கேன். அங்கே குண்டெல்லாம் செய்யல. ஆனா காரணம் அதேதான்.

உள்ளே இருந்துகொண்டு எதிர்த்தவர்களும் உண்டு. 1945 ஜூனில் ஜேம்ஸ் ஃப்ராங்க் தலைமையில் சிகாகோ விஞ்ஞானிகள் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஜூலையில் லியோ சிலார்டு சுமார் 70 பேரின் கையெழுத்தோடு ஜனாதிபதிக்கு ஒரு மனு தயாரித்தார். இரண்டுமே குண்டை நிறுத்தவில்லை. ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஹிரோஷிமா செய்தியை ரோட்பிளாட் பிபிசி வானொலியில் கேட்டார். அந்தக் குண்டு வேலை செய்யாமல் போகும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தாராம்.

ஆக, வெளியே போனவராலும் நிறுத்த முடியல, உள்ளே இருந்து மனு கொடுத்தவர்களாலும் நிறுத்த முடியல. நண்பர் கேட்டது நியாயமான கேள்விதான்.

ஆஸ்பத்திரியும் ஒரு மீன்பிடிப் படகும்

தன் படிப்பு மனிதனுக்கு நல்லதும் செய்யும் என்று காட்ட வேண்டும் என நினைத்து, மருத்துவ இயற்பியல் பக்கம் வந்தார் ரோட்பிளாட். 1950-இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியின் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். கதிர்வீச்சு உயிர்களை என்ன செய்கிறது என்பதே ஆராய்ச்சி. அங்கே 1976 வரை இருந்தார்.

இதற்கிடையில் 1954 மார்ச் 1-ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல், 15 மெகாடன். ஹிரோஷிமா குண்டைப் போல சுமார் ஆயிரம் மடங்கு. அபாய எல்லைக்கு வெளியே இருந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகில் இருந்த 23 பேருக்கும் கதிர்வீச்சு பாதிப்பு. ரேடியோ ஆப்பரேட்டர் குபோயாமா செப்டம்பரில் இறந்தார்.

படகில் இருந்த சாம்பலை அளந்த ஜப்பானிய விஞ்ஞானி நிஷிவாகியை ரோட்பிளாட் பெல்ஜியத்தில் சந்தித்தார். அவர் கொடுத்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டார். கணக்கு இடித்தது. ஹைட்ரஜன் குண்டில் முதலில் ஒரு சின்ன அணுப்பிளவு, அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைவது, அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இணைவில் இவ்வளவு கதிரியக்கச் சாம்பல் வராது. அப்படியானால் மூன்றாவது கட்டம் ஒன்று இருக்க வேண்டும்: வெளியே சாதாரண யுரேனியத்தால் ஒரு ஓடு, இணைவில் வரும் வேகமான நியூட்ரான்கள் அதையும் பிளக்கின்றன. கதிரியக்கத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. அமெரிக்க ராணுவம் வெளியே சொல்லாத ரகசியத்தை, லண்டன் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு சாம்பலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். 1955-இல் வெளியிட்டும் விட்டார்.

அதற்குச் சற்று முன்னால், பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைச் சந்தித்திருந்தார். அந்தப் பழக்கத்தில் பிறந்தது ரஸ்ஸல்-ஐன்ஸ்டைன் அறிக்கை. ஐன்ஸ்டைன் 1955 ஏப்ரல் 11-இல் கையெழுத்துப் போட்டார், 18-இல் இறந்துபோனார். விமானத்தில் வரும்போதுதான் ரஸ்ஸலுக்கு மரணச் செய்தி தெரிந்தது. எல்லாம் வீணாயிற்று என்று நினைத்துக்கொண்டே பாரிஸில் இறங்கினால், ஐன்ஸ்டைனின் சம்மதக் கடிதம் அங்கே காத்திருந்தது. ஜூலை 9-ஆம் தேதி லண்டனில் அறிக்கை வெளியானது. கையெழுத்திட்ட 11 பேரில் இளையவர் ரோட்பிளாட், 46 வயது. பத்திரிகையாளர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

பக்வாஷ்

அறிக்கையோடு முடிந்திருந்தால் அதுவும் சிலார்டு மனு மாதிரி போயிருக்கும். இங்கேதான் ரோட்பிளாட்டின் உண்மையான வேலை தொடங்குகிறது. இரண்டு பக்கத்து விஞ்ஞானிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பது.

முதல் கூட்டத்தை டெல்லியில் நடத்துவதாகத்தான் இருந்தது, நேருவும் அழைத்திருந்தார். சூயஸ் நெருக்கடி வந்து அது நின்றுபோனது. பிறகு சைரஸ் ஈட்டன் என்ற தொழிலதிபர் தன் சொந்த ஊரில் இடம் கொடுத்தார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பக்வாஷ் என்ற மீனவக் கிராமம். 1957 ஜூலையில் 10 நாடுகளிலிருந்து 22 பேர் வந்தார்கள். அதில் 7 பேர் அமெரிக்கர்கள், 3 பேர் சோவியத்காரர்கள்.

விதிகள் எளிமையானவை. யாரும் அரசின் பிரதிநிதியாக வரக்கூடாது, தனி மனிதராகத்தான் வர வேண்டும். உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்று வெளியே சொல்லக்கூடாது. ஆனா வந்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பியதும் தங்கள் அரசாங்கத்தின் காதில் போடக்கூடியவர்கள். சூட்சுமமே அதுதான்.

மேற்கே சிலர் இதை சோவியத்தின் கைப்பாவை என்றார்கள். ரோட்பிளாட் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1957 முதல் 1973 வரை பொதுச்செயலாளர். ஆஸ்பத்திரி வேலை போக மீதி நேரத்தில் கடிதம் எழுதுவது, விசா ஏற்பாடு, பணம் திரட்டுவது எல்லாம்.

பலன்? ஓர் உதாரணம் சொல்றேன். அணுச்சோதனைத் தடை பேச்சுவார்த்தை, எதிரி நிலத்தடியில் ரகசியமாக வெடித்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் முட்டிக்கொண்டு நின்றது. சோவியத் மண்ணில் அமெரிக்க ஆய்வாளர்களை விட மாட்டார்கள். ஆளே இல்லாத நில அதிர்வுக் கருவிகளைப் பூட்டிய பெட்டிகளில் வைத்துவிடலாமே என்ற யோசனையை இரு தரப்பு விஞ்ஞானிகளும் 1962 பக்வாஷ் மாநாட்டில் சேர்ந்து முன்வைத்தார்கள். அந்த யோசனை அப்படியே ஏற்கப்படவில்லை. ஆனால் பேச்சு நகர்ந்தது. 1963-இல் வளிமண்டலம், விண்வெளி, கடலடி மூன்றிலும் சோதனையைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்தது. நிலத்தடிச் சோதனை மட்டும் தொடர்ந்தது. முழு வெற்றி இல்லைதான். ஆனா அந்தப் படகின் மேல் கொட்டிய சாம்பல் மாதிரி இன்னொரு படகின் மேல் கொட்டுவது பெருமளவு குறைந்தது.

நம்ம பக்கத்துத் தொடர்பும் உண்டு. 1976 ஜனவரியில் ஒரு பக்வாஷ் மாநாடு சென்னையிலேயே நடந்தது. 2002 முதல் 2007 வரை அதன் தலைவராக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். அவருக்குப் பின் இலங்கையின் ஜயந்த தனபால.

1995-இல், ஹிரோஷிமாவின் ஐம்பதாவது வருஷத்தில், அமைதிக்கான நோபல் பரிசைப் பாதி ரோட்பிளாட்டுக்கும் பாதி பக்வாஷ் அமைப்புக்குமாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 87 வயது. மருத்துவர்களுக்கு இருப்பது போல இளம் விஞ்ஞானிகளுக்கும் ஓர் உறுதிமொழி வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். 2005 ஆகஸ்ட் 31-இல் லண்டனில் காலமானார், வயது 96.

நண்பருக்கு

1944-இல் அவர் கிளம்பும்போது உலகத்தில் அணுகுண்டு ஒன்றுகூட இல்லை. 1980-களின் நடுவில் சுமார் 70 ஆயிரம். இப்போது சுமார் 12 ஆயிரம். ஒரு குண்டும் இல்லாத உலகத்தைப் பார்க்க நினைத்த மனுஷனுக்கு இது தோல்வின்னும் சொல்லலாம். ஏறினது இறங்கியிருக்கேன்னும் சொல்லலாம். இறங்கினதற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். விலகினது ஒரே நாள் சமாச்சாரம். அதுவும் வாயைக் கட்டிக்கொண்டு, பொய்க் காரணம் சொல்லிவிட்டு விலகினார். அதனால் எதுவும் நிற்கவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போது நாம அந்த ஒரு நாளையே திரும்பத் திரும்பச் சொல்றோம். ஆனால் முடிவுகள் எடுக்கப்படுவதற்கு முன்னாலேயே எதிரெதிர் ஆட்கள் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று கண்டுபிடித்து, அதை நாற்பது வருஷம் நடத்தியதுதான் பெரிய வேலை. 1944-இல் லாஸ் அலமோஸில் அப்படி ஓர் இடம் இருந்திருந்தால், அவர் ஏன் போகிறார் என்று கூட இருந்தவர்களுக்காவது தெரிந்திருக்கும்.

அடுத்த தடவை அந்த நண்பரைப் பார்க்கும்போது இதைச் சொல்லணும். அவர் இன்னொரு கேள்வி கேட்பார்னு நிச்சயமாத் தெரியும். கேட்டால் அதையும் எழுதறேன்.